ஊர் எந்த வீட்டில் இருக்கிறது?

"நாடியைக் கொஞ்சம் கீழை விடு பிள்ளை. ம்... இப்ப கண்ணை மட்டும் மேலை தூக்கி என்னைப் பார். வெக்கப்படவேணும். வெக்கம் காணாது."

கஜீவன் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது சினிமா நடிகைக்கல்ல, ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு. அரியாலைக் கடனீரேரிக் கரையில், வெயில் ஏறிக்கொண்டிருந்த காலை நேரத்தில், சுமக்க முடியாத உடுப்பும் நகையுமாக அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். முகத்தில் அப்பிய பூச்சு வியர்வையில் வழிந்தது. அதை ஒற்றி எடுக்க ஒரு பெண், குடை பிடிக்க இன்னொரு பெண். தலைக்கு மேலே உதவியாளன் றெஜியின் ட்ரோன் இரைந்துகொண்டு நின்றது. வலையோடு வந்த இரண்டு பேர் தொழிலை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பிள்ளைக்கு வெட்கம் போதாது என்பது கஜீவனின் குறை. அவளோ அந்த இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று கூசிக் குறுகிப்போய் நின்றாள். அந்த வெட்கம் கமராவுக்கு உதவாது.

அவள் பெரியபிள்ளையாகி ஒரு மாதம்தான் இருக்கும். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் சாமத்திய வீடு, பூப்பு நீராட்டுச் சடங்கு. அங்கே பெரிய திரையில் ஓடவிடவும், சந்தியில் கட்டுகிற பதாகையில் போடவும், பேஸ்புக்கில் ஏற்றவும்தான் இந்தப் படப்பிடிப்பு. ஒரு சின்னப் பிள்ளைக்கு முதல்முதல் மாதவிடாய் வந்த சங்கதியை, பலாலி வீதியால் பஸ்ஸில் போகிறவனும் அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கேட்டால் பண்பாடு என்பார்கள். ட்ரோன் எந்தப் பண்பாட்டில் இருந்தது என்று திருப்பிக் கேட்டால், கேட்டவனுக்குத்தான் விசர் என்று முடித்துவிடுவார்கள்.

பிள்ளையின் தாய் தனுஷா ஒரு போத்தல் தண்ணீரோடு கஜீவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கணவன் பிரான்சில். சாமத்திய வீட்டை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு திரிகிற களைப்பு முகத்தில் இருந்தது. மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு உதெல்லாம் துண்டறப் பிடிக்கேல்லை அண்ணை. பிள்ளை ராவிலை அழுகிறாள். என்ன செய்யிறது, செய்யாட்டி ஊர் கதைக்கும்."

"ஒருக்காத்தானே தங்கச்சி" என்றான் கஜீவன், கண்ணைக் கமராவில் இருந்து எடுக்காமலே.

இந்தக் கதையை அவன் கேட்காத வீடில்லை. கமரா பூட்டுவதற்கு முன்னம் தாய்மார் வந்து காதுக்குள் இதைத்தான் சொல்வார்கள். சேலை மடிப்புச் சரிசெய்கிற சாட்டில் சொல்வார்கள், தேத்தண்ணி நீட்டுகிற சாட்டில் சொல்வார்கள். அவனும் இந்த ஒரே மறுமொழியைத்தான் பதினைந்து வருசமாகச் சொல்லிவருகிறான். அவர்களுக்கும் அது போதும், அவனுக்கும் அது போதும். பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட அவனுடைய ஸ்ரூடியோ நிமிர்ந்து நிற்பதே சாமத்திய வீடுகளால்தான். அடுப்பெரிகிற இடத்தில் கேள்வி கேட்க எவனுக்கு மனம் வரும்?

அப்போதுதான் அவனுடைய போன் அடித்தது. மகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து ரீச்சர் கதைத்தார். கஜானி வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாள், காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம், நேரே அங்கே வாருங்கள் என்றார். கஜீவன் கமராவை றெஜியின் கையில் திணித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு முன்னமே மனைவி பிரியந்தினி வந்திருந்தாள். தாயை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதைத்த பெண் டொக்ரர், பிறகு இருவரையும் சேர்த்து நிறுத்திச் சொன்னார்.

"பிள்ளைக்கு நாலு மாசமா மாதவிடாய் வருகுது. உங்களுக்குத் தெரியாதோ?"

பிரியந்தினி கணவனைப் பார்த்தாள். கஜீவன் சுவரைப் பார்த்தான்.

"ஒளிச்சு வைச்சிருக்கிறா. ஏதோ நைலோன் துணியை வெட்டி, கழுவி, வடிவாக் காயாமலே திரும்பத் திரும்பப் பாவிச்சிருக்கிறா. புண்ணாகி, தொற்றாகி, காய்ச்சல் பிடிச்சிட்டுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நான் உங்களோடை இப்பிடி நிண்டு கதைச்சுக்கொண்டிருக்க மாட்டன்."

பிரியந்தினி மகளின் புத்தகப் பையின் அடியில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து அவனிடம் நீட்டினாள். உள்ளே பச்சைத் துண்டுகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அந்தத் துணியைக் கஜீவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஸ்ரூடியோவில் பின்னணிக்குத் தொங்கவிடுகிற பச்சைத் திரை. பழைய சுருள் ஒன்று வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. அது குறுகிக்கொண்டே வருவதைக் கண்டு, எலி அரிக்கிறதென்று அவன் போன மாதம் மருந்துகூட வைத்தான். எலி இவ்வளவு நேராக வெட்டுமா என்று யோசிக்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பார்க்கவே நேரம் சரியாகப் போயிற்று.

கட்டிலில் கஜானி கையில் சேலைன் ஏற, கண்ணை மூடிக் கிடந்தாள். தகப்பன் பக்கத்தில் வந்து இருந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை? அம்மாட்டையாவது சொல்லியிருக்கலாமே."

"அம்மாட்டைச் சொன்னா அம்மா உங்களிட்டைச் சொல்லுவா."

"என்னட்டைச் சொன்னால் என்ன?"

கஜானி போர்வையை நாடி வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் படம் எடுப்பீங்கள் அப்பா. பிறகு எல்லாரும் பாப்பினம்."

தன் பிள்ளை பாம்புக்குப் பயப்படுவாள், இடிக்குப் பயப்படுவாள் என்று கஜீவனுக்குத் தெரியும். தனக்குப் பயப்படுவாள் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் அவன் கணினிக்கு முன்னால் இருந்து வெட்டி ஒட்டுகிற வேலை செய்யும்போது, அவள் பின்னால் நின்று எத்தனையோ பிள்ளைகளின் படங்களைப் பார்த்திருக்கிறாள். வடிவு பார்க்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் பார்த்தது தன்னுடைய முறை வருவதை.

அன்று பின்னேரமே கஜீவனின் அக்கா மகாதேவி வந்துவிட்டாள். அரியாலையில் அவள் இல்லாமல் ஒரு சாமத்திய வீட்டிலும் ஆலாத்தித் தட்டு அசையாது. பெரிய பொட்டு, கனத்த தாலிக்கொடி, எந்த வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினி வரைக்கும் போகிற உரிமை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கொதிப்பு அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"பெரியபிள்ளையாகியிட்டாள் எண்டு சந்தோசப்படாமல் ரெண்டு பேரும் இழவு வீட்டிலை இருக்கிற மாதிரி இருக்கிறியள். நான் சொல்லுறதைக் கேள் தம்பி. நாலு மாசக் கதையை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. இண்டைக்குக் காலமைதான் ஆனவள் எண்டு சொல்லுவம். ஐயரிட்டை நேரம் குறிச்சுக்கொண்டு வாறன். தண்ணி வாக்கிறது நான், அது என்ரை முறை. மண்டபத்தை நீ பார்."

"சடங்கு வேண்டாம் அக்கா."

"என்ன?"

"பிள்ளைக்கு விருப்பமில்லை. நாங்கள் செய்யேல்லை."

மகாதேவி ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கிறோம் என்பதையும் மறந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஊரிலை உள்ள பெட்டையள் எல்லாத்தையும் மேடையிலை ஏத்திப் படம் பிடிச்சு உழைச்சுத் திண்டவன் நீ. உன்ரை வீட்டிலை மட்டும் வேண்டாமோ? அப்ப மற்றதுகளெல்லாம் மனிசரில்லையோ? செய்யாமல் விட்டுப் பார். பிள்ளையிலை ஏதோ குறை எண்டுதான் சனம் சொல்லும். நானே சொல்லுவன்."

அவள் சொன்னதில் முதல் பாதி உண்மை என்பது கஜீவனுக்குத் தெரியும். மகாதேவி கொண்டுவந்த பழப் பையைக்கூட வைக்காமல் திரும்பக் கொண்டு போய்விட்டாள்.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஊர் தன் வேலையைக் காட்டியது. மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. பெரியபிள்ளையாகிற வயதில் ஒரு பெட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள், சடங்கு வைக்கமாட்டோம் என்கிறார்கள், அப்படியானால் என்ன நடந்திருக்கும்? ஏதோ நடக்கக்கூடாதது நடந்து, கொண்டுபோய் மறைத்துவிட்டார்களாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி இதைச் சொன்னவர்களுக்கு நாக்கு அழுகவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் மற்றப்படி நல்லவர்கள்தான். வெள்ளிக்கிழமையில் விரதம் இருக்கிறவர்கள், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக ஓடுகிறவர்கள்.

ஸ்ரூடியோவுக்குப் போன் வந்தது. ஒருத்தர் தன் மகளின் சாமத்திய வீட்டுக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருத்தர் சாட்டு ஒன்றும் சொல்லாமலே வேண்டாம் என்றார். கஜானியின் வகுப்புப் பிள்ளை ஒன்று அவளுக்கு வட்ஸ்அப்பில் என்னவோ அனுப்ப, அவள் போனைத் தாயிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பிரியந்தினி சந்தைக்குப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தாள்.

"ஒருத்தி என்னட்டையே கேட்டாள். 'பிள்ளை இப்ப சுகமோ, எத்தினை மாசம்?' எண்டு. சிரிச்சுக்கொண்டு கேட்டாள். என்னாலை ஏலாது. செய்துவிடுவம். மண்டபம் பிடிச்சு, எல்லாருக்கும் சொல்லி, வாயளை அடைப்பம்."

"நீரும்தானே வேண்டாம் எண்டனீர்?"

"நான் இப்பவும் வேண்டாம் எண்டுதான் நினைக்கிறன். எனக்கு வேண்டாம். ஊருக்கு வேணுமாமே."

கஜீவன் அன்று முழுக்க யோசித்தான். எதிர்த்து நிற்க அவனுக்குப் பழக்கமில்லை. மற்றவர்கள் கேட்டதை எடுத்துக் கொடுத்தே வளர்ந்தவன். கடைசியில் அவனும் மடங்கினான். சின்னதாக வைத்தால் எல்லாருக்கும் வாய் அடைபடும், பிள்ளையும் தப்பிவிடும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு மகளின் அறைக்குப் போனான்.

"சின்னதாச் செய்வம் பிள்ளை. வீட்டோடை. ஒருக்காத்தானே."

சொன்ன பிறகுதான் அது தாய்மாருக்குச் சொல்லுகிற அதே வாயால் வருகிற அதே வசனம் என்று அவனுக்கே உறைத்தது. கஜானி படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். நாடியை மெல்லக் கீழே விட்டு, கண்ணை மட்டும் மேலே தூக்கித் தகப்பனைப் பார்த்தாள்.

"இப்பிடித்தானே அப்பா பாக்கவேணும்?"

கஜீவன் கட்டில் விளிம்பில் குந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வயதுவந்த ஆண்பிள்ளை பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாது என்றும் ஒரு சட்டம் இருக்கிறதே, அதையும் அவன் அன்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கஜானி தானாக வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஆராவது கேட்டால் என்னெண்டு சொல்ல?" என்று கேட்டான்.

"உள்ளதைச் சொல்லுங்கோ. நான் ஒண்டும் பிழை செய்யேல்லைத்தானே. படம் மட்டும் எடுக்காதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை தனுஷா வீட்டுச் சாமத்தியம். ஒப்புக்கொண்ட வேலையை விட்டுவிட்டு ஒளிந்தான் என்று இருக்கக்கூடாது என்பதற்காகவே கஜீவன் போனான். மண்டபம் நிறைய சனம். வாசலில் பிள்ளையின் படம் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. மேடையில் மகாதேவி ஆலாத்தித் தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டு நின்றாள். தம்பியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை இன்னும் உள்ளே, அலங்காரம் முடியவில்லை.

அந்த இடைவெளியில் வந்தவர்களிடம் மைக்கைக் கொடுத்து வாழ்த்துப் பதிவது வழக்கம். கஜீவன் முன்வரிசைக்குப் போனான். அங்கே தனுஷாவின் சித்தப்பா ஆழ்வாப்பிள்ளை இருந்தார். கோயில் பரிபாலன சபையில் ஒருவர். ஊர்க் காரியம் எதுவென்றாலும் தன் தலையைத்தான் முதலில் நீட்டுவார். மைக்கை வாங்கினார். வாழ்த்தவில்லை.

"என்ன தம்பி, ஊரான் பிள்ளையளை வடிவாப் படம் பிடிக்கிறாய். உன்ரை பிள்ளையை மட்டும் ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஆரோ சிரித்தார்கள். சிரிப்புத் தொற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தது. றெஜி கமராவை நிறுத்திவிட்டுக் கஜீவனைப் பார்த்தான். கஜீவன் ஆழ்வாப்பிள்ளையின் கையில் இருந்து மைக்கை மெதுவாக வாங்கினான்.

"ஒளிச்சது நானில்லை ஐயா, பிள்ளைதான். பெரியபிள்ளையானதை நாலு மாசமா எங்களுக்குச் சொல்லாமல், கண்ட துணியளைப் பாவிச்சு, தொற்று வந்து ஆஸ்பத்திரியிலை கிடந்தது. நான் படம் எடுத்து எல்லாருக்கும் காட்டுவன் எண்ட பயத்திலை. அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கதைக்கிற மற்றக் கதையெல்லாம் உங்கடை வாய்க்குள்ளை பிறந்தது."

சிரிப்பு நின்றது. அவனுடைய வாய் நிற்கவில்லை.

"இஞ்சை இருக்கிற கனபேற்றை வீட்டுக்கு நான் வந்திருக்கிறன். எல்லாத் தாய்மாரும் என்னட்டை ஒரே கதைதான் சொன்னவை. 'எனக்கு உதிலை விருப்பமில்லை அண்ணை, ஊருக்காகத்தான் செய்யிறம்' எண்டு. அந்த ஊர் எங்கை இருக்கெண்டு நானும் இத்தினை வருசமாப் பாக்கிறன். ஒரு வீட்டிலை கேட்டால் பக்கத்து வீட்டைக் காட்டுகினம். பக்கத்து வீட்டுக்குப் போனால் அவை முந்தின வீட்டைக் காட்டுகினம்."

"ஆரடா சொன்னது?" ஆழ்வாப்பிள்ளை எழும்பிவிட்டார். "எந்த வீட்டுப் பொம்பிளை சொன்னவள்? பேரைச் சொல்லு."

"பேர் சொல்ல மாட்டன். சொன்னவை சொல்லட்டும்."

சொல்வார்களா? அவனிடம் சொன்னவர்கள் இருபது பேருக்குக் குறையாமல் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். ஒருத்தி மடியில் இருந்த குழந்தைக்குத் தலை வாரினாள். ஒருத்தருடைய கண்ணும் அவனைப் பார்க்கவில்லை. அந்த மௌனத்தைக் கண்டதும் ஆம்பிளைகளுக்குத் துணிவு வந்தது. பொய்யன் என்றது ஒரு குரல். தன் குடும்ப மானம் போனதற்கு எங்களையும் இழுக்கிறான் என்றது இன்னொரு குரல். ஒரு இளந்தாரி வந்து அவனுடைய சேட்டுக் கழுத்தைப் பிடித்தான்.

மேடையில் இருந்து மகாதேவி கத்தினாள். "மைக்கை வைச்சிட்டு வெளியிலை போ தம்பி. உன்னோடை கூடப் பிறந்த பாவத்துக்கு என்னையும் நாறடிக்காதை."

கஜீவன் மைக்கைக் கதிரையில் வைத்தான். இவ்வளவுதான் என்று நினைத்தான். இனி ஸ்ரூடியோவுக்குப் பூட்டுத்தான், பிள்ளையோடு இந்த ஊரில் நிமிர்ந்து நடக்கவும் முடியாது. றெஜி ஓடிவந்து அந்த இளந்தாரியின் கையைப் பிடித்து இழுத்தான்.

"அவரை விடு. சொன்னது நான்" என்றது ஒரு பெண் குரல்.

அலங்கார அறை வாசலில் தனுஷா நின்றாள். சடங்கு வீட்டுக்காரி அவள். இந்த மண்டபமும் சாப்பாடும் வாசலில் நிற்கிற அந்தப் பெரிய படமும் அவளுடையவை.

"படம் எடுத்த அண்டைக்குக் கரையிலை வைச்சுச் சொன்னனான். எனக்கு உது பிடிக்கேல்லை எண்டு. என்ரை பிள்ளை இப்பவும் உள்ளுக்கு அழுதுகொண்டிருக்கிறாள். முகத்துக்குப் போட்ட பூச்சு கரையக் கரைய மூண்டாந்தரம் பூசுகினம்."

"உனக்கென்ன விசரே பிள்ளை?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "சனம் இருக்குது."

"சனத்துக்குத்தான் சொல்லுறன் சித்தப்பா."

குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்த பெண் இருந்த இடத்திலேயே, "நானும் சொன்னனான்" என்றாள். கைப்பைக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் சொன்னனியோ?" என்று கேட்டாள். அதில் ஆச்சரியத்தை விடக் கோபம்தான் கூட. "நீ மூத்தவளுக்கு மண்டபம் பிடிச்சுச் செய்தபடியால்தானே நான் கடன்பட்டுச் செய்தனான். விருப்பமில்லாமல் செய்தனீ எண்டால் அப்ப ஏன் செய்தனீ?"

"உன்ரை தங்கச்சி செய்தவள். நான் செய்யாட்டி நீங்கள் ரெண்டு பேரும் சிரிப்பியள் எண்டு செய்தன்."

"நாங்கள் ஏன் சிரிக்கிறம்? அவளே அழுதழுது செய்தவள்."

அங்கும் இங்கும் இதேபோலக் குரல்கள் கிளம்பின. கட்டிப்பிடித்துக் கண்ணீர் விடுகிற காட்சி ஒன்றும் இல்லை. சண்டைதான். இத்தனை வருசமும் ஆளை ஆள் ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று தெரிந்தால் ஆருக்குத்தான் கோபம் வராது? ஆனால் எல்லாரும் அப்படிச் சொல்லிவிடவில்லை. நாங்கள் விரும்பித்தான் செய்தோம், எங்கள் பிள்ளை ஆசைப்பட்டாள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் சொன்னது உண்மையாகவும் இருக்கும்.

மகாதேவி ஆலாத்தித் தட்டை மேடையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அவளுக்கு இது சாமத்திய வீட்டை விடப் பெரிய விசயம். தட்டு இல்லையென்றால் இந்த ஊரில் அவளை முதலில் கூப்பிட ஒரு காரணமும் இல்லை. தம்பிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நல்லா இருங்கோ. நாளைக்கு உங்கடை பெட்டையளைக் கேட்டு ஆர் வாறான் எண்டு நானும் பாக்கிறன். ஊர் உங்களைச் சும்மா விடாது."

"விடாதுதான் அக்கா" என்றான் கஜீவன். "என்ரை பிள்ளையையும் விடேல்லை. நீங்களும் அதிலை ஒராள்."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் ஆழ்வாப்பிள்ளை போனார். மண்டபத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாயின. வாசலில் வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டது. தனுஷா வாசல் பக்கம் திரும்பவில்லை. மிச்சம் இருந்தவர்களிடம் வந்தாள்.

"இனிப் பெரியபிள்ளையாக வேண்டிய பிள்ளையள் ஆற்றை வீட்டிலை இருக்கு?"

ஐந்தாறு பேர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்கள்.

"வீட்டிலை சந்தோசமாத் தண்ணி வாருங்கோ, நல்லதாச் சமைச்சுக் குடுங்கோ. அதுக்கு ஆரும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பதாகை வேண்டாம், மேடை வேண்டாம், படம் வேண்டாம். வீட்டை போய் யோசிச்சுச் சொல்லுறம் எண்டு சொல்லாதேங்கோ. வீட்டை போனால் திரும்பப் பயம் வந்திடும். ஒருத்தி தனியச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு கஜீவன் அண்ணையின்ரை பிள்ளையிலை பாத்திட்டம். ஆறு பேர் ஒண்டா விட்டால் ஆறு பிள்ளையளைப் பற்றியும் அந்தக் கதையைச் சொல்ல ஏலாது. இப்ப, இஞ்சை வைச்சு, ஆளின்ரை முகத்தை ஆள் பாத்துச் சொல்லுவம்."

மேடையும் படமும் வேண்டாம் என்று ஒருத்தி சொன்னாள். அடுத்தவள் அவளைப் பார்த்தபடி சொன்னாள். நாலாவதாக இருந்தவள் சொல்லாமல் எழும்பி வெளியே போய்விட்டாள். ஐந்தாவது ஆள் சொன்னாள்.

உள்ளே இருந்து தனுஷாவின் மகள் எட்டிப் பார்த்தாள். பாதி நகை கழற்றியிருந்தது. "அம்மா, நான் முகம் கழுவலாமோ?" என்று கேட்டாள். கழுவு பிள்ளை, கழுவிப்போட்டு வந்து சாப்பிடு என்றாள் தாய். பிள்ளை அந்தப் பாரச் சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைக் கஜீவன் பார்த்தான். பதினைந்து வருசத்தில் சாமத்திய வீடொன்றில் பிள்ளை ஓடி அவன் கண்டதில்லை. றெஜி பழக்கதோசத்தில் கமராவைத் தூக்க, கஜீவன் அவனுடைய கையைப் பிடித்துக் கீழே விட்டான்.

கைப்பைக்காரிக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. தனுஷாவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"எல்லாம் சரி. என்ரை மகளுக்குச் செய்து முடிஞ்சுது. அவளின்ரை படம் இப்பவும் பேஸ்புக்கிலை கிடக்கு, கண்டவனெல்லாம் கீழை எழுதுறான். நீங்கள் எல்லாரும் முந்தியே வாயைத் திறந்திருந்தால் நான் செய்திருப்பனோ? உதுக்கு ஆர் பொறுப்பு?"

தனுஷா அவளுடைய முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"நானும்தான், நீயும்தான். நான் உனக்குப் பயந்தன், நீ எனக்குப் பயந்தாய். அந்தப் பயத்துக்கு நாங்கள் ரெண்டு பேருமாச் சேந்து ஊர் எண்டு பேர் வைச்சம். பேர் வைச்சுப்போட்டு, அதுக்குத் தின்னக் குடுத்தது எங்கடை பிள்ளையளை."